கொக்கின் இரண்டாவது கயிறு

இன்று கந்தோரில் பேனை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். பக்கத்து மேசை அக்கா மூக்கைச் சுருக்கினார்.

"என்ன பிள்ளை, பைக்குள்ள கருவாடோ? ஆருக்குக் கறி வைக்கப் போறீர்?"

சிரித்துச் சமாளித்தேன். நெத்தலிக் கருவாட்டைக் கடதாசியில் சுற்றிப் பையின் பக்க அறையில் எப்போதும் வைத்திருக்கிறேன். மணம் விரலில் ஒட்டிக்கொண்டது. கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

கருவாடு வைத்திருக்கச் சொன்னவள் நீ. பட்டம் முடித்து, நியமனத்துக்காக வீட்டில் காத்துக் கிடந்த என்னை உப்புவெளி நாய்க் காப்பகத்துக்கு இழுத்துப் போனவளும் நீதான். நீ வேலை செய்த விடுதியில் அறைகளைத் துப்புரவாக்கி முடித்து, நாலு மணிக்கு எங்கள் படலையில் சைக்கிள் மணி அடிப்பாய். "எடி பட்டதாரி, வா. மனுசரோட கதைக்கத்தான் உனக்கு வெக்கம். நாயோட என்ன வெக்கம்?" எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசும். நீ சொன்னால் மட்டும் கூசாது.

கொக்கை நீ மறந்திருக்க மாட்டாய். மூதூர்ப் பக்கம் யாரோ வேட்டைக்கு வைத்திருந்து, கால் முறிந்ததும் வீதியில் விட்ட நாய். கிரேஹவுண்ட் கலப்பு என்றார் மிருக வைத்தியர். நீண்ட கால்களைப் பார்த்து நீ கொக்கு என்று பெயர் வைத்தாய். அவளுக்குத் தலை கழுத்தைவிட ஒடுக்கம். பின்னுக்கு ஓர் இழுவை இழுத்தால் எந்தக் கழுத்துப் பட்டியும் வழுவிவிடும். அதனால் அவளுக்கு மட்டும் இரண்டு கயிறு. கழுத்துப் பட்டியின் கயிறு கையில். நெஞ்சைச் சுற்றிய பட்டியின் கயிறு எங்கள் இடுப்பில். படலையைத் திறக்க முன் இரண்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும். டவுன் பக்கம் போகவே கூடாது. அங்கே மான்கள் மாடுகளைப் போல வீதியோரம் மேயும்.

"தப்பினாப் பின்னால ஓடாத," என்பாய். "நீ ஓடினா அது இன்னும் ஓடும். முதுகைக் காட்டிக்கொண்டு குந்து. கருவாட்டைப் பக்கத்தில வை. வாயை மூடிக்கொண்டிரு. அது உனக்கு நல்லா வரும்தானே."

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். மூன்றாம் நாள் ஆசுபத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாய்.

"ஜன்னலால றோட்டுத் தெரியுதடி. கொக்கை ஒருக்காக் கொண்டு வந்து காட்டு. நாலு மணிக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பன்."

"அங்க மான் நிக்குமே," என்று இழுத்தேன்.

"ரெண்டு கயிறு இருக்குதானே."

அன்று நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

காப்பக வாசலுக்கு ஓட்டோ வந்துவிட்டது. நெஞ்சுப் பட்டி ஆணியில் தொங்கியது. அதன் கொளுக்கி உப்புக் காற்றில் இறுகியிருந்தது; மாட்ட இரண்டு நிமிடமாவது வேண்டும். ஓட்டோக்காரர் ஹோன் அடித்தார். "தங்கச்சி, நாயை ஏத்துறதே பெரிய விசயம். இதில அலங்காரமும் செய்யப் போறீங்களோ?" நின்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். எனக்கு வாய் வரவில்லை. பட்டியை ஆணியிலேயே விட்டுவிட்டு ஏறினேன்.

ஆசுபத்திரி வீதியில் இறங்கியதும் மதிலோரம் மூன்று மான்கள். கொக்கு பின்னுக்கு ஒரே ஓர் இழுவை இழுத்தாள். என் கையில் கயிறும் அதன் நுனியில் வெறும் பட்டியும் மிஞ்சின. நீ சொன்னதெல்லாம் மறந்து பின்னால் ஓடினேன். கடற்கரை வரை ஓடினேன்.

நாலரைக்கு நீ எடுத்தாய்.

"எங்கயடி?"

"ஓட்டோ கிடைக்கேல்ல. நாளைக்குக் கொண்டு வாறன்."

எனக்கு மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டிருக்கும்.

"சரி. நாளைக்கு ரெண்டு கயிறும் போட்டுக் கொண்டு வா," என்றாய்.

அதுதான் கடைசி. மறுநாள் உன்னைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த நாள் நீ இல்லை.

ஜன்னலால் என்னைப் பார்த்தாயா? வெறும் பட்டியோடு நின்றதைக் கண்டும், எனக்கு நோகும் என்று கேட்காமல் விட்டாயா? அன்று நீ கதிரையில் இருந்தாயா என்று உன் அம்மாவிடம் கேட்கப் பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் அவர் தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அடுத்த நாளும் கொக்கைத் தேடினேன். கடற்கரையில் ஓர் இடத்துக்கு மேல் கால் வரவில்லை. கடலைப் பார்த்து மணலில் குந்தினேன். நீ சொல்லித் தந்தபடி செய்யவில்லை, அழத்தான் இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. முழங்கைக்குக் கீழே ஈர மூக்கொன்று பட்டது. அது கருவாட்டுப் பையைத் தோண்டியது.

அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டே உன் இலக்கத்துக்கு எடுத்துவிட்டேன். "வந்திட்டாள்" என்று சொல்ல வாயும் திறந்துவிட்டேன். உன் அம்மா எடுத்தார். "சொல்லு பிள்ளை," என்றார். அலைச் சத்தத்தைத்தான் அவர் கேட்டிருப்பார்.

நாளைக்கு என்று உனக்குச் சொல்லிப் பத்து மாதம். போன ஞாயிறுதான் கொண்டுபோனேன். ஓட்டோக்காரர் வேறொருவர், அவரும் ஹோன் அடித்தார். கொளுக்கி இன்னும் அதே இறுக்கம்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணன். இன்னும் ஒரு கயிறு இருக்கு."

எதிர்க் கடையில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மதிலோரம் மான்கள் நின்றன. கொக்கு இழுத்தாள். கழுத்துப் பட்டி வழுவி விழுந்தது. இடுப்புக் கயிறு சதையை வெட்டியது, ஆனால் விடவில்லை. அவளை இறுக்கிப் பிடித்தபடி, உன் ஜன்னலுக்குக் கீழே நாலரை வரை நின்றேன்.

இடுப்பில் அந்தத் தடம் கன்றியிருக்கிறது. கந்தோரில் குனியும்போது நோகிறது. அம்மா எண்ணெய் பூசச் சொன்னார். நான் பூசவில்லை.