வியாழக்கிழமை நான் போகும் வீடு

அன்பு மகள் குட்டிக்கு,

இங்கே நானும் பால்கனிச் செடிகளும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. கீழ்வீட்டு அக்கவுண்டண்ட் காலி செய்துகொண்டு போய்விட்டார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று, லிஃப்ட் மறுபடி மூன்றாம் மாடியில் முரண்டு பிடிக்கிறது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ குறுக்குக் கேள்வி கேட்பாய், நான் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால்தான். நீ ஊருக்குக் கிளம்பும்போது என் போனில் லொக்கேஷன் ஷேரிங் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, நான் பட்டனை அழுத்தினால்தான் அது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்துநாலு மணி நேரமும் நான் நிற்கும் இடம் உனக்குப் புள்ளியாகத் தெரிகிறது என்பது நீ போன மாதம் கேட்டபோதுதான் உறைத்தது. “அப்பா, வாரா வாரம் வியாழக்கிழமை மூணு மணிக்கு எங்க போறீங்க, அங்க ஒரு ஸ்கேன் சென்டர்னு காட்டுதே” என்றாய். பல் டாக்டர் என்று வாய்க்கு வந்ததை உளறினேன். அந்தப் பொய்க்குத் தண்டனையோ என்னவோ, இப்போது கடைவாய்ப் பல் நிஜமாகவே வலிக்கிறது.

நீ நம்பவில்லை, போன வியாழக்கிழமை உன் நெட்டைச் சிநேகிதியை அனுப்பினாய். பாவம் அந்தப் பெண், பேங்கில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் என் பெயரைச் சொல்லிக் கேட்டாளாம், அப்படி யாரும் வருவதில்லை என்றார்களாம். ஆனால் என் ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறதே என்று மாடிப்படி ஏறியிருக்கிறாள். மேல் வீட்டில் என் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், “அங்கிள், உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே” என்கிறாள். ஒன்றுமில்லையம்மா, கேரம் ஆடுகிறேன் என்றேன். அவ்வளவுதான், அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “அம்மாவுக்கு முடியாததையும் அப்பா கடைசியிலதான் சொன்னாரு, இப்பவும் மறைக்கிறாருன்னு அவ ஒரு வாரமா சரியாச் சாப்பிடல அங்கிள்” என்று சொன்னாள். உன் பரீட்சை முடியட்டும் என்று அன்றைக்கு மறைத்தேன், அது உன் மனதில் இத்தனை நாள் இப்படிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த வீடு யாருடையது என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்குப் பக்கத்து அறையில் ஒருவர் இருந்தாரே, கணக்கு வாத்தியார், அவருடைய மனைவியின் வீடு அது. அந்த அம்மாள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உன் அம்மா போன வருஷமே வாத்தியாரும் போய்விட்டார். ஒரு நாள் அந்த அம்மாளை மருந்துக் கடையில் பார்த்தேன், வீட்டில் கேரம் போர்டு சும்மா கிடக்கிறது, எதிரே உட்கார ஆள் இல்லை என்றார். போனேன். ஒன்றரை வருஷமாகப் போகிறேன். சிவப்புக் காயை என்னைப் போடவே விடமாட்டார், தோற்றுத்தான் வருகிறேன். ஆனால் குட்டி, வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் இஸ்திரி போட்ட சட்டை போடுகிறேன். இது என்ன உறவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா இருந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை என்று மட்டும் தெரியும். உனக்குக் கோபம் வருமோ என்று பயந்துதான் மறைத்தேன்.

உன் சிநேகிதி போனதும் அவர் காய்களையெல்லாம் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். “பொண்ணுகிட்ட பல்லுன்னா சொன்னீங்க? என் வீட்டுக்கு வர்றதுல பொய் சொல்ல என்ன இருக்கு? அவளுக்கு எழுதிட்டு வாங்க, இல்லன்னா வராதீங்க” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வியாழக்கிழமை என் புள்ளி வீட்டை விட்டு நகரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லையம்மா, மன்னிப்புத்தான் கேட்கிறேன். லொக்கேஷனை நிறுத்தவும் மாட்டேன், நீ பார்த்துக்கொண்டே இரு. சந்தேகம் வந்தால் மட்டும் நேராக என்னைக் கேள், இனி உள்ளதைச் சொல்வேன்.

உன் சிநேகிதி உன்னிடம் அப்பா நல்லா இருக்கார் என்று மட்டும்தான் சொன்னாளாமே. மீதியை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள், அவளுக்கு நன்றி சொல். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும், ஆகவே வரும் வாரத்தை விட்டு அதற்கடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு, உனக்குக் காலை நேரம், அங்கிருந்து கூப்பிடுவேன். மனம் ஒப்பவில்லை என்றால் எடுக்காதே, நான் வருத்தப்பட மாட்டேன். எடுத்தாயானால் போனை அவரிடம் கொடுப்பேன், கொஞ்சம் மெதுவாகப் பேசு. என்னைவிட அவர்தான் உனக்கு அதிகம் பயப்படுகிறார்.

ஆசிகளுடன்,
அப்பா