வெள்ளை இடத்தில் எங்கள் பெயர்

நவம்பர் 13, 2017
கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் எங்கள் லேபிளைப் பாராட்டிவிட்டுப் போனார். இறக்குமதியாளரின் பெயர் ஒவ்வொரு பொருளிலும் தெரிய வேண்டும் என்பது விதி. தெரிகிறது. பிலிமத்தலாவைச் சந்தியில் நின்றாலே தெரியும்.

இரத்தத்தில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் போத்தலில் ஒரேயொரு வெள்ளை இடம். அங்கேதான் எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் இலக்கத்தை மங்கலாக அச்சிட்டிருக்கிறார்கள். அதன் மேல்தான் எங்கள் லேபிள். பெட்டியிலும் அப்படியே.

இலக்கம் மறைகிறது என்று சொன்னேன். "இலக்கத்த ஆரு, மிஸ், பாக்கிற? எங்கட பேரத்தான் பாப்பாங்க" என்றார் முதலாளி ஜவாஹிர் ஹாஜியார். லேபிள் ஒட்டும் அன்னலட்சுமியும் அவர் பக்கம்: "மூடுனப்புறந்தான் மிஸ் போத்தல் லெச்சணமா இருக்கு."

பேராதனையில் இரசாயனம் படித்தவளுக்கு லட்சணம் பற்றி என்ன தெரியும்.

நவம்பர் 15
மழை. மஹய்யாவ பஸ்ஸில் நின்றே வந்தேன்.

நவம்பர் 17
ஹாஜியாரின் மனைவி றமீஸாவுக்குச் சீனி ஏறிக்கொண்டே போகிறதாம். நம் ஸ்ட்ரிப்பில்தான் பார்க்கிறார்கள். பார்த்துப் பார்த்து இன்சுலினைக் கூட்டுகிறார்கள். நேற்று வேர்த்து, கைநடுங்கி, குசினியில் விழுந்துவிட்டாராம். இனிப்பென்று ஒளித்து வட்டிலப்பம் தின்றிருப்பார் என்பது ஹாஜியாரின் நோய்நிர்ணயம். "கேட்டா இல்லெண்டு சத்தியம் பண்றா."

நவம்பர் 21
ஸ்ட்ரிப் செய்யும் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். ஒரு தொகுதி, சீனியை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறதாம். அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அதுவும் நல்ல தொகுதியும் ஒன்றாக வந்து, நம் களஞ்சியத்தில் கலந்து, கடைகளுக்குப் போனவை. லேபிளை உரித்துப் பார்த்தேன். அருமையான பசை. இலக்கத்தையும் கொண்டு வந்துவிட்டது.

நவம்பர் 22
கண்டி, கெலிஓயா பாமசிகளிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். ஹாஜியாருக்குச் சுருக்கமான வழி தெரிந்தது: இருப்பதில் கொஞ்சத்தை அனுப்பிவிட்டு, கெட்ட தொகுதி முழுவதும் கிடைத்துவிட்டதாக நான் கையெழுத்திட வேண்டும். "நீங்க படிச்ச ஆள். ஒங்கட கையெழுத்த நம்புவாங்க."

என் பட்டத்துக்கு இங்கே கிடைத்த முதல் மரியாதை.

மறுத்தேன். அப்படியானால் வேறு ஆள் பார்க்க வேண்டி வரும் என்றார், மிகப் பணிவாக. ஐம்பதைத் தொடப்போகிறவளை எவன் வேலைக்கு எடுப்பான்? — எடுக்காட்டி போகட்டும். என்ன பெரிய வேல. லேபிள் பாக்குற வேல. யாருமே பாக்காத லேபிள்.

நவம்பர் 23
மறுபடி கூப்பிட்டார். பேனையையும் அவரே நீட்டினார். ஒன்று மட்டும் கேட்டேன்: "ஒங்க வீட்டுல அவங்க பாவிக்கிற போத்தல் எந்தத் தொகுதி, ஹாஜியார்?"



பேனையை மேசையில் வைத்தார். வீட்டுக்குப் போன் எடுத்தார். "ஊசி போட வாணாம்" என்றார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, "போட வாணாம்."

நவம்பர் 28
பாமசிகளில் இருந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. விற்றுப்போனதைக் கேட்டு ஒவ்வொரு கடையிலும் அறிவித்தல். என் அறை நிறைந்து, கதிரை இப்போது நடைவழியில்.

றமீஸாவின் இன்சுலினை வைத்தியசாலையில் குறைத்துவிட்டார்கள். வட்டிலப்பக் குற்றச்சாட்டு வாபஸ் ஆனதாகத் தகவல் இல்லை.

புதிய லேபிள் வந்தது. எங்கள் பெயர் ஒரு மூலையில், எறும்பளவு. போத்தல் மூஞ்சி கழுவாத மாதிரி இருக்கிறது என்று அன்னலட்சுமிக்கு வருத்தம்.

புதிய தொகுதியில் ஒன்றை வீட்டுக்கென்று ஹாஜியார் எடுத்தார். சட்டைப்பையில் போடுமுன் கண்ணாடியை மாட்டி, திருப்பி, இலக்கத்தை வாசித்தார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.