சேகர் ஜூலியாவில் எழுதியது

ஆகஸ்ட் 4, திங்கள். திருப்பதி.
காலையிலேயே புழுக்கம். லேப் ஏசி மறுபடி ரிப்பேர்.

மழைமேக மாடல் நிரல் எல்லாம் பழைய ஃபோர்ட்ரான். புதுசா வந்த ஜிபியூ மிஷினில் ஓட வேற நிரல்மொழி வேணும். எந்த மொழின்னு வெள்ளிக்குள் முடிவு சொல்லணுமாம், கைடு மேடம் கறார். கூடப் படிச்ச சேகர் பாதிக்கு மேல் ஜூலியா மொழியில் எழுதி வச்சிருந்தான். போன மாசம் டெங்கு. போயிட்டான். அவன் லாகினை இன்னும் யாரும் அழிக்கலை.

வாங்க வேண்டியது: சோப்பு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

செவ்வாய்.
ஒரே மேக மாடலை ரெண்டு மொழியில் ஓட்டினேன். ஜூனியர் ஹரிதா எழுதின சி++, சேகரோட ஜூலியா. ஜூலியா கிளம்பத்தான் லேட். அப்புறம் ரெண்டும் ஒரே வேகம். "ஃபார்முலா எப்படியோ அப்படியே எழுதலாம் ஜெபா" என்பான் சேகர். சந்தோஷமா இருந்தது.

புதன்.
அவன் நிரலில் ஓரிடம் தப்பு மாதிரி. ஏன்டா இப்படின்னு கேட்க ஆளில்லை. நாள் பூரா அதிலேயே போச்சு. கடைசியில் அவன் எழுதினதுதான் சரி. நான்தான் புரிஞ்சுக்கலை.

வெள்ளி.
மீட்டிங். "நுவ்வு செப்பு, ஜெபா" என்று மேடம் என்னையே சொல்லச் சொன்னார். ஜூலியான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள் ஹரிதா, "அக்கா, நீங்களும் படிப்பு முடிச்சுப் போயிட்டா ஜூலியாவை யார் பார்ப்பாங்க?" என்றாள். நியாயம்தான். சி++ மத்த எல்லாருக்கும் தெரியும்.

சி++ என்றேன். நானே சொன்னேன். டீ வந்தது.

ஞாயிறு. தூறல்.
சர்ச்சுக்குப் போகலை. சித்தூர் போய், பஸ் மாறி குடிபாலா. சேகர் வீடு. அவன் நைனா கடலைக்கொல்லையிலிருந்து கால் கழுவிக்கினு வந்தார்.

"வாம்மா. சோறு துன்னியா?"

"ஆச்சு நைனா."

"புள்ள செஞ்ச வேலை நடந்துக்கினுதானே கீது?"

பொய் சொல்லியிருக்கலாம். "வேற மொழியில் மாத்தி எழுதப்போறோம் நைனா. நான்தான் சொன்னேன்."

"இன்னா, தப்பா எழுதிட்டானா?"

"இல்ல நைனா. சரியாத்தான் எழுதியிருக்கான். நான் ஓட்டிப் பார்த்தேன். அவன் இல்லாம அதைப் பார்த்துக்க ஆளில்லை, அவ்ளோதான்."

துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே அடுப்படியில் சேகரோட அம்மா. அந்தப் பக்கம் திரும்பி, சத்தமா:

"ஏம்மே, புள்ள தப்பா எழுதலையாம்."