நாற்சந்தியில் நானும் ஆளில்லாப் பேருந்தும்

அன்பு மகள் மிசுஸுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. சாவ் பாலோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்கள்தானே. ஆரஞ்சு இந்த வருஷம் நல்ல இனிப்பு, உனக்கு அனுப்ப முடியவில்லையே என்று அம்மாவுக்குக் குறை.

போன் செய்யும்போதெல்லாம் டிரைவிங் லைசென்ஸைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்கிறாய், எழுபத்தொன்பது வயதில் எதற்கு வண்டி என்கிறாய். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் நகராட்சியின் ஆளில்லாப் பேருந்து என்னைவிட ஒழுங்காக ஓட்டினால் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நான் சவடால் விட்டது நினைவிருக்கும். போன செவ்வாய்க்கிழமை கோயில் நாற்சந்தியில் நானும் அதுவும் நேருக்கு நேர் நின்றோம். நம் ஜப்பானிய வழக்கப்படி தலை தாழ்த்தி, நீங்கள் முதலில் போங்கள் என்று கை காட்டினேன். என் வண்டியின் மூக்கு குறுக்கே நீட்டியிருந்ததால் அது நகரவில்லை. அது போகாமல் நான் போவது மரியாதையில்லை என்று நானும் நகரவில்லை. மறுபடியும் தலை தாழ்த்தினேன். பின்னால் மீன்காரரின் வேன், அதன் பின்னால் பதினோரு வண்டிகள், ஹாரன் அடிப்பது அநாகரிகம் என்று அத்தனை பேரும் வாய் மூடிக் காத்திருந்தார்கள். இருபது நிமிஷம் கழித்து முடிதிருத்தும் ஒகிமோரி இறங்கி வந்து, "தோகுஜி அண்ணே, அதுக்கு உங்க மரியாதையெல்லாம் புரியாது, நீங்க கிளம்புங்க" என்றான். பேருந்துக்குள்ளிருந்து உன் அம்மாவும் ஜன்னலைத் திறந்து, "ஏங்க, எனக்குப் பல் டாக்டர் காத்துக்கிட்டு இருக்கார்" என்றாள். அப்புறம்தான் கிளம்பினேன். இயந்திரத்துக்கே மரியாதை கற்றுக்கொடுத்தவர் என்று ஒகிமோரியின் கடையில் இப்போது என் பேச்சுதான்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பேருந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. அது தானாக நின்றது, ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கால் உதறி மிதிக்கவே முடியவில்லை, அதை மறைக்கத்தான் அத்தனை தலை தாழ்த்தலும். மறுநாள் காலை அதே பேருந்தில் போய்க் காவல் நிலையத்தில் லைசென்ஸைக் கொடுத்துவிட்டேன். ஏறுவதற்கு முன் அதற்கு ஒருமுறை தலை தாழ்த்தினேன், இந்தத் தடவை மனதார.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும். குழந்தையை வண்டியில் ஏற்றினால் பெல்ட் போட மறக்காதே. அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. அன்றைக்கு அவள் பேருந்தின் முன் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள், இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிக்கு,
இனி பேருந்தில் போகும் உன் அப்பா,
தோகுஜி