மிச்சத்தில் வேய்ந்த கூரை

மே 19, ஞாயிறு

முதலில் இந்த நோட்டிடம் ஒரு மன்னிப்பு. பட்டமளிப்புக்குப் பரிசாக வந்தது; தோல் அட்டை, தங்க ஓரம். வாழ்க்கையில் ஏதாவது பெரிதாக நடந்தால் எழுதலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். இப்போது வீட்டுக் கூரையைப் பற்றி எழுதப் போகிறேன். இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு வாயில் வராதது கையில்தான் வரும்.

வியாழக்கிழமை மாலை எங்கள் டெக்சாஸ் ஊர் லப்பக் முழுக்க ஆலங்கட்டி மழை. பன்னிரண்டு நிமிடம்தான். எலுமிச்சம்பழ அளவுக் கற்கள். தெருவில் ஒரு காருக்கும் முன்கண்ணாடி இல்லை. எங்கள் வீட்டில் குளியலறையும் என் அறையும் ஒழுகுகின்றன.

அப்பாவுக்குக் கூரை போடுவதுதான் வேலை. முப்பத்தோரு வருடமாக ஊரிலுள்ள அத்தனை பேரிடமும், "ஒட்டுப் போடாதீங்க, பழசைப் பிரிச்செறிஞ்சிட்டுப் புதுசாப் போடுங்க" என்று சொல்கிறவர். சொந்த வீட்டில் மட்டும் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒவ்வொரு வேலையிலும் இரண்டு கட்டு ஷிங்கிள் மிஞ்சும் - தாரில் தோய்த்து மேலே கல்பொடி தூவிய அட்டைகள். "நீயே எடுத்துட்டுப் போ, யூசேபியோ" என்பார்கள். அவை எங்கள் கூரைக்கு வந்துவிடும். பல் டாக்டர் வீட்டுப் பழுப்பு, தொடக்கப்பள்ளிப் பச்சை, மாதா கோயில் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன், எட்டு நிறம்.

மறுபடி ஒட்டுவதா, மொத்தமாக மாற்றுவதா? அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை.

மே 21, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர் வந்தார். இளைஞர், புத்தம்புது பூட்ஸ். அப்பா அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் ஸ்பானிஷையும் அவர் ஆங்கிலத்தையும் மொழிபெயர்க்க நான். ஏழு வயதிலிருந்து இது என் உத்தியோகம்.

அவர் சாக்பீஸால் கூரையில் ஒரு பெரிய சதுரம் போட்டு, கல் விழுந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"கூரை என்ன நிறம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்னு கேளு, மீஹா." மீஹா என்றால் மகளே.

"சரி, எத்தனை வருஷக் கூரை?"

"சமையலறைக்கு மேல இருக்கிறது உன்னைவிட மூத்தது. உன் ரூமுக்கு மேல இருக்கிறது போன ஈஸ்டருக்குப் போட்டது. அவர் எது வேணும்னாலும் எழுதிக்கட்டும்."

இன்சூரன்ஸ்காரர் வேர்த்துப்போய் எல்லாக் கட்டத்திலும் கோடு கிழித்தார். போகும்போது, "முழுசா மாத்தவும் வழி இருக்கு, அடிபட்ட இடத்தை மட்டும் சரி பண்ணவும் வழி இருக்கு. முடிவு உங்களோடது. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றார்.

மே 22, புதன்

கடந்த அக்டோபரில் நடந்ததை எங்கும் எழுதி வைக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்தபோது, அப்பா வேலை செய்த வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் முகட்டில் உட்கார்ந்து புகைபோக்கியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் அப்படியே. கண் மூடியிருந்தது. இறங்கி வந்து, "தலை சுத்திருச்சு. உங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். சொல்லவில்லை. டாக்டரிடம் போனீர்களா என்று இதுவரை கேட்கவும் இல்லை. அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆகஸ்டில் நான் வேலைக்கு டாலஸ் போய்விடுவேன்.

மே 24, வெள்ளி

இன்று தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூரையை வெகுநேரம் பார்த்தேன். மற்றவர்களுக்கு ஆல்பம் இருக்கும், எங்களுக்கு இது. பழுப்புப் பகுதி போட்ட வருடம்தான் அம்மா பன்றிக்கறி டமாலே செய்து விற்க ஆரம்பித்தாள். சிவப்பு, என் முதல் நற்கருணை. சாம்பல் நிறம் போட்ட வாரம், பத்து வயதில், நான் அம்மையில் படுத்திருந்தேன். அப்பா மேலே ஆணி அடிப்பதைப் பகலெல்லாம் கீழிருந்து கேட்டேன். சத்தம் நகர நகர, இப்போது அலமாரிக்கு மேல், இப்போது விளக்குக்கு மேல் என்று விரலால் தொடர்ந்துகொண்டிருந்தேன். அந்த அளவுக்குப் பாதுகாப்பாகப் பிறகு எப்போதாவது உணர்ந்திருக்கிறேனா?

வெளிர்நீலம் மட்டும் வேறு. பன்னிரண்டு வயது. வகுப்பில் ஒருத்தி எல்லார் முன்னாலும், "உங்க வீட்டு மேல இருக்கிற நீலம் எங்க வீட்டு மிச்சம்" என்றாள். பொய்யில்லை, அதனால்தான் வலித்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்: "நம்ம வீடு மட்டும் ஏன் ஒரே நிறமா இருக்கக் கூடாது?" அம்மா "சும்மா இரு" என்று அதட்டினாள். அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

மே 26, ஞாயிறு

பூசை முடிந்து ரொகேலியோ மாமா பார்பகோவா இறைச்சிப் பொட்டலத்தோடு வந்தார். எனக்கு ஞானத்தகப்பன். ஒருகாலத்தில் அப்பாவிடம் வேலை பார்த்தவர், இப்போது தனியாக ஆறு ஆட்களை வைத்துக் கூரை போடுகிறார். அந்த உறவை வைத்து அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், சண்டையில்கூட.

"என்ன கொம்பாத்ரே, இந்தத் தடவை என்ன கலர் ஒட்டு? ஊதா ஒண்ணுதான் பாக்கி."

"ஒட்டு இல்ல. மொத்தமா மாத்துறேன். கரிச்சாம்பல் நிறம். முன்னாடி பின்னாடி எல்லாம் ஒண்ணு."

மாமா கையிலிருந்த டார்ட்டியா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "யாரு? நீயா? அந்த மழையில உன் தலையிலயும் கல்லு விழுந்துச்சா?"

"யாரெலி கேட்டா."

"நானா? எப்போ?"

"சின்னதுல. ஒரே நிறமா வேணும்னு." அப்பா தட்டைப் பார்த்தே பேசினார். "அப்போ முடியல. இப்போ நீ படிச்ச பொண்ணு. உன்னைப் பார்க்க நாலு பேர் வருவாங்க."

இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மறந்துவிட்டார் என்று நான் நினைத்ததை. என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே, "வேணாம்பா. எனக்கு இந்தக் கூரைதான் வேணும். எட்டு நிறமும்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. "அப்படியா? அப்போ என்ன, எதுல எது இருக்குன்னு எனக்குத்தானே தெரியும். நாளைக்கே நான் ஏறிச் சரி பண்ணிடறேன்."

மே 27, திங்கள்

ஏழு மணிக்கு ஏறினார். நான் என் அறையில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். காலடி, சுரண்டல், மூன்று அடி, காலடி. மறுபடி பத்து வயது ஆகிவிட்டது எனக்கு. அலமாரிக்கு மேல். விளக்குக்கு மேல்.

பிறகு ஒன்றுமில்லை.

ஒரு பாட்டு முடிகிற நேரம் காத்திருந்தேன். வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். பச்சைப் பகுதியில் குப்புறப் படுத்திருந்தார், கன்னம் அட்டையில். விரல்கள் விளிம்பைப் பிடித்திருந்தன.

"அப்பா!"

"கத்தாத. வெயில்தான். வரேன்."

மணி எட்டுகூட ஆகவில்லை. என்ன வெயில்?

மே 28, செவ்வாய்

நான்தான் ஏத்தி விட்டேன். நான்தான். எனக்கு நினைவுக்கு வேணும்னு, அழகா இருக்குன்னு, அவரை மேல ஏத்திட்டேன். இந்தக் கூரை இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் அவர்தான் ஏறணும், வேற யாருக்கும் அது புரியாது. படிச்சு என்ன புண்ணியம்? இதுகூடத் தோணல -

மே 30, வியாழன்

"அப்பா, யோசிச்சுப் பார்த்தேன். மாத்திடலாம். கரிச்சாம்பல் நல்லாத்தான் இருக்கும்."

"நாலு நாள் முன்னாடி எட்டும் வேணும்னியே?"

"மனசு மாறிடுச்சு."

என்னையே பார்த்தார். "சரி. ரொகேலியோவும் நானும் சேர்ந்து போட்டுடறோம்."

"மாமாவோட ஆளுங்க போதாதா?"

"என் வீட்டுக் கூரையை இன்னொருத்தன் போட்டான்னா ஊர் சிரிக்காதா? இத்தனை வருஷம் கழிச்சு?"

தலைசுற்றலைப் பற்றி அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படிவத்தில் 'முழு மாற்றம்' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன்.

ஜூன் 2, ஞாயிறு

கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

அம்மா மாவு பிசைந்துகொண்டே, "உனக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"என்னது?"

"அவர் தலை சுத்தல். அவர் சட்டையைத் துவைக்கிறது நான்டி. நெஞ்சுல முழுக்கத் தார், மணல். நின்னு வேலை பார்க்கிற ஆளுக்கு நெஞ்சுல எப்படி மணல் வரும்? படுத்துக் கிடந்தாத்தான் வரும்."

அக்டோபரைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மாவுக் கையாலேயே என் காதோர முடியை ஒதுக்கிவிட்டாள். மாவு ஒட்டிக்கொண்டது.

"நீங்க சொல்லுங்கம்மா, ஏற வேணாம்னு."

"நான் தினம் நூறு சொல்றேன். அதோட நூத்தியொண்ணுன்னு போயிடும். ரொகேலியோ சொன்னா அது போட்டி ஆயிடும். நீ எதையும் வாய் விட்டுக் கேட்கிறவ இல்ல. நீ கேட்டா அது எங்க போய் விழும்னு உனக்குத் தெரியல."

ஜூன் 7, வெள்ளி

நாளை காலை பிரிக்கிறார்கள். மாலையில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து எட்டு நிறத்தையும் பார்த்துக்கொண்டேன். படம் எடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று, அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை குரல் வந்தது.

ஜூன் 8, சனி

முடிந்துவிட்டது. கரிச்சாம்பல், முன்னாலும் பின்னாலும். பார்க்க யார் வீடோ போலிருக்கிறது. பழகிவிடும் என்கிறாள் அம்மா.

அப்பா நாள் முழுக்க பீக்கன் மரத்தடியில் மடக்கு நாற்காலியில் இருந்தார். இருந்தார் என்றேனே தவிர, வாய் சும்மா இருக்கவில்லை.

"கொம்பாத்ரே, அந்த வரிசை கோணுது!"

"கோணல் உன் கண்ணுல! கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு!"

"கீழ இருந்து பார்த்தாத்தான்யா கூரை தெரியும். மேல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா மேல இருந்தப்ப இதைச் சொல்லலியே!"

ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும். பக்கத்துப் புல்லில் நான். பழைய அட்டைகள் விழ விழ, எந்த வீடு, எந்த வருடம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்தி என் தோளில் கை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம், மூவரும்.

இன்று காலை ஆறரைக்கு, மாமாவின் வண்டி வருவதற்கு முன், அப்பா ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தார். நான் மறுபக்கம் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான். குரல் வந்தது.

"ஏறாதீங்கப்பா. என்கூடக் கீழயே இருங்க. இன்னைக்கு மட்டும்னு சொல்லல. இனிமேயும்."