மாவில் ஒரு ஸ்பூன் பொய்

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்குச் சாப்பிட்ட பிறகு சர்க்கரை 268. ஏப்ரல் 9 அன்று டிப்போவில் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. சர்க்கரை குறையாவிட்டால் பஸ் ஓட்ட விடமாட்டார்களாம்.

கரையும் நார்ச்சத்துப் பொடியைத் தினமும் உணவில் சேர்க்கச் சொன்னார் டயட்டீஷியன். "மாத்திரையோட சேர்த்துத்தான். அதுக்குப் பதிலா இல்ல" என்றும் சொன்னார். இவர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார். "நான் என்ன மாடா, நார் திங்க?"

வாங்கி வந்த பொடி டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். ரொட்டி மாவில் ஒரு ஸ்பூன். அவருக்குத் தெரியவே இல்லை.

மார்ச் 5, வியாழன்

சூப்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் கெட்டியாகிவிட்டது. கரண்டி நிற்கிறது!

"ஏம்மா, இது சூப்பா, போஸ்டர் ஒட்டுற பசையா?"

"சோள மாவு ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். வாய் கூசாமல்.

மார்ச் 11, புதன்

241. இவர் விடியற்காலையில் நடக்கப் போக ஆரம்பித்திருக்கிறார். இனி ரொட்டியிலும் கஞ்சியிலும் மட்டும்தான்.

மார்ச் 19, வியாழன்

205! பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார். "பாத்தியாடி செல்லம்? அப்பா நடக்கிற நடையைப் பாத்து சுகரே தெறிச்சு ஓடுது!"

சொல்லிவிடலாமா? சொன்னால் ரொட்டியைத் தொடுவாரா? பரிசோதனை முடியட்டும்.

மார்ச் 30, திங்கள்

262. ஏன்? அதே ரொட்டி, அதே பொடி. மதிய மாத்திரையை டிப்போவில் போட்டுக்கொள்வார், அதைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் ஆச்சு" என்கிறார். இரவில் நாலு தடவை எழுந்து போகிறார். பாப்பா அழுவதுகூட எனக்குக் காதில் விழவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கே தப்பு பண்ணினேன்?

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானமே வந்துவிட்டார். சீருடைச் சட்டை கையில். 340. ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

"மாத்திரை போட்டீங்கதானே?"

சட்டையை ஆணியில் மாட்டினார். மறுபடி கேட்டேன்.

"அதான் குறைஞ்சிடுச்சே. நிறுத்தி மூணு வாரமாச்சு."

மூணு வாரம்! நான் அரிசிப் பானையை நகர்த்தி டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். என்னவென்று சொன்னேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப குறைஞ்சது என் நடையால இல்லையா?"

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

நடந்தே சரியாகிவிட்டது என்று அவரை நம்ப வைத்தது நான்தானே? மாத்திரையை அவர் நிறுத்தினார். நிறுத்துகிற தைரியத்தை யார் கொடுத்தது? ஐயோ, நான் படிச்சவளாம். டிகிரி வேற.

ஏப்ரல் 10, வெள்ளி

அவர் நடக்கப் போகவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

டிப்போ வாசலில் வேலை போட்டிருக்கிறார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுத வேண்டும். அவர் ஓட்டிய வண்டியும் அந்த வழியாகத்தான் போகிறதாம். "ஹாரன் சத்தத்துலயே தெரிஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலையில் மாவு பிசையும்போது பக்கத்தில் வந்து நின்றார். மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து என்னிடம் காட்டினார். நான் கேட்கவில்லை. அவர் கால்களுக்கு இடையில் நின்ற பாப்பாவும் "ஆ" என்று திறந்து காட்டினாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு டப்பாவை அவரே திறந்தார். ஒரு ஸ்பூன் எடுத்து, விரலால் தலை தட்டி, மாவில் போட்டார்.