சூடம் அணைத்த கை

முந்தாநாள் காலையில் சூடம் எரிகிற வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு ராசம்மாவின் வாசலில் கட்சிக்காரர்கள் தட்டில் சூடம் ஏற்றியிருந்தார்கள். அவள் அதைக் கையால் அடித்து அணைத்து, அவர்களுக்கே ஓட்டுப் போடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, வெள்ளிக் கொலுசை வாங்கிக்கொண்டாள். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது.

நீ இங்கே, வெண்ணந்தூரில், வார்டு தேர்தலுக்கு நின்றபோதும் தெருவெல்லாம் இதே வாசம்தான். நீ யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, தோற்றாய். அடுத்த வாரம் நம் கிளினிக்குக்கு வந்த ராசம்மா அழுதுவிட்டாள்.

"உங்களுக்குத்தான் போடோணும்னு இருந்தனுங்க டாக்டரம்மா. கொலுசக் குடுத்துச் சூடத்துல அடிக்கச் சொல்லிட்டாங்க. புள்ளகுட்டிக்காரி, சாமிகிட்டப் பொய் சொல்ல முடியுங்களா?"

"கொலுசு நல்லாருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாய் நீ.

"ஒத்தக் காலுக்கு லூசா இருக்குதுங்க."

"அப்பப் பாதிச் சத்தியந்தான் செல்லும், போங்க."

அழுதுகொண்டே அவள் சிரித்தாள். கிளினிக்கைப் பூட்டும்போதுதான் உன் முகம் வாடியது. நாம் மருத்துவம் படித்த, சோவியத்திலிருந்து பிரிந்த அந்த நாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். அங்கே நாம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா, ஆளுங்கட்சி கொடுத்த மாவு மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நேரே போய் எதிர்க்கட்சிக்குப் போட்டாள். என்னிடம் திருடியதைத்தானே திருப்பித் தருகிறார்கள் என்றாள். ஓட்டு எண்ணிக்கையை மாற்றிவிட்டார்கள். அதை எதிர்த்து அவள் ஊராரோடு பனியில் போய் நின்றாள். நாம் பிளாஸ்க்கில் டீ கொண்டுபோனோம்.

"அங்க போட்டவங்க சரியாத்தான் போட்டாங்க, எண்ணுனவன் ஏமாத்துனான். இங்க ஒழுங்கா எண்ணறாங்கடி. இவங்கதான் வாங்குனதுக்கு நேர்மையா இருக்கறாங்க." உன் குரலில் கோபமே இல்லை.

அதன் பிறகு, பிரஷர் பார்க்க வரும் பெண்களிடமெல்லாம், பயந்து செய்த சத்தியத்தைச் சாமி கணக்கில் வைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அப்படியானால் யாருக்குப் போடுவது என்று கேட்டால், "அது உங்க பாடுங்க" என்பாய். நீ நின்ற தேர்தலில் யாருக்குப் போட்டார்கள் என்றும் யாரிடமும் கேட்டதில்லை. அடுத்த தேர்தல் வருவதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று ராசம்மா வந்தாள். தூங்காத முகம்.

"டாக்டரம்மா சொன்னது நெசமுங்களா? மாத்திப் போட்டா எம் பேரனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

நீயாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாய். எனக்கு அது வராது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆகாதுங்கக்கா. வந்தா எந் தலைக்கு வரட்டும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இன்று வாக்குச்சாவடியிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்து நின்றாள். விரலில் மை காயவில்லை. சொல்லத்தான் வந்திருக்கிறாள். எனக்கும் தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை.

"சொல்லாதீங்கக்கா. அது உங்களோடது."

பிறகு தறிக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். உன்னைப் போலச் சிரிக்கவைக்க இன்னும் தெரியவில்லை. கேட்காமல் இருக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.